உரலில் இருந்தது என்ன?

தமிழர்தம் விழாக்களுள் விருந்தில்லாத விழா அரிது; அரைத்தலும் இடித்தலும் இல்லாத விருந்தும் அரிது. பொங்கலுக்குப் புதுநெல் குத்தியதும், தீபாவளிப் பலகாரத்திற்கு மாவு இடித்ததும், வடைக்கு உளுந்து ஆட்டியதும் நேற்று வரை நம் வீடுகளில் நிகழ்ந்தவை. மேளம் ஒலிப்பதற்கு முன்பே, முதல் நாள் மாலையில், விழா உரலில்தான் ஒலிக்கத் தொடங்கியது.

இவ்வோசையைத் தமிழிலக்கியம் செவிமடுத்திருக்கிறது. உலக்கை கொண்டு குற்றும் மகளிர் பாடும் பாட்டுக்கு 'வள்ளை' என்று தனிப்பெயரே சூட்டியது. அறிஞர் பலர் வள்ளையின் சந்தம் பற்றியும், அதனால் விளங்கும் அரசர் சீர் பற்றியும் நிறைய எழுதியுள்ளனர். அவர்கள் எழுதியதையே மீண்டும் எழுதினால், அரைத்த மாவையே அரைத்தவராவோம். நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா எளியது. பாட்டு எழுந்தபோது உரலில் இருந்தது என்ன? அதைக் குற்றியவள் யார்? யார் உண்பதற்காகக் குற்றினாள்?

மேடையில் கண்டது

இவ்வினா எழக் காரணம் ஒரு பொங்கல் விழா. தலைநகரில் தை மாதக் குளிரில் நடந்த அவ்விழாவில், பள்ளிச் சிறுமியர் அறுவர் சிலப்பதிகார வள்ளைப் பாட்டுக்கு ஆடினர். பொன்னிறத் தாள் ஒட்டிய மெல்லிய உலக்கைகள். அட்டையால் செய்த உரல். ஆட்டம் அழகாகவே இருந்தது. பின்னர்ப் பேசிய அன்பர் ஒருவர், உழைப்பையே இசையாக்கிய இனம் நம் இனம் என்றார். அவையினர் கைதட்டினர், நாமும் தட்டினோம்.

வீடு திரும்பிய பின்னரும் அத்தொடர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. உழைப்பை இசையாக்கியவர் யார்? உழைத்தவரா, கேட்டவரா? அன்றிரவு அன்னையாரிடம் ஒரு கேள்வி கேட்டோம். அக்கேள்வியையும் அவர் அளித்த விடையையும் கட்டுரையின் இறுதியில் சொல்வோம். முதலில் நூல்களைப் பார்ப்போம்.

சொல்லும் கல்லும்

ஒரு மொழி எதனை நன்கறிந்திருக்கிறது என்பதை அதன் வினைச்சொற்கள் காட்டிவிடும். உரலில் நெல்லைக் குத்துகிறோம், மாவை இடிக்கிறோம். அம்மியில் அரைக்கிறோம். ஆட்டுக்கல்லில் ஆட்டுகிறோம். திரிகையில் திரிக்கிறோம், பயறு என்றால் உடைக்கிறோம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு வினை. உலக்கை மேலிருந்து கீழே விழுவது; குழவி அம்மியின்மேல் முன்னும் பின்னும் செல்வது, ஆட்டுக்கல்லில் சுற்றி வருவது. கையின் அசைவு மாறச் சொல்லும் மாறுகிறது. இச்சொற்களை நூல் எழுதுவோர் வகுத்துத் தரவில்லை. தோளும் மணிக்கட்டும் வலித்தவர்கள் வகுத்தவை இவை.

இவற்றுள் பண்டை இலக்கியத்தில் பாட்டுக்கு உரியதாகச் சிறந்தது உலக்கையே. அதற்குக் காரணமும் உண்டு. உலக்கைக்குத் தாளம் உண்டு. இருவர் ஓர் உரலில் குற்றும்போது ஒருத்தியின் உலக்கை எழ, மற்றவளின் உலக்கை விழும். முறை தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும். ஆதலின் பாட்டு அவ்வேலைக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று. அதுவே வேலையின் அளவுகோல்.

குறிஞ்சியின் உரல்

இதனை நன்குணர்ந்த பாடல்கள் கலித்தொகையில் உள்ளன. குறிஞ்சிக்கலியில் 40 முதல் 43 வரையுள்ள நான்கு பாடல்களும் வள்ளையாக அமைந்தவை. அவற்றுள் 41ஆம் பாடலைக் காண்போம். யானைக் கொம்பு உலக்கை. சேம்பின் இலை சுளகு. பாறையில் அமைந்த குழியே உரல். அவ்வுரலில் பெய்வது மூங்கில் நெல். 43ஆம் பாடலில் பெய்வது ஐவனம் என்னும் மலைநெல். கருவிகள் அழகுபடுத்தப்பட்டவை என்பது உண்மையே. யானைக் கொம்பால் அன்றாடம் நெல் குற்றியிருப்பர் என்று நாம் நம்ப வேண்டியதில்லை. எனினும் உரலில் இருப்பது தானியம். குற்றினால் அரிசியாகும், பொங்கினால் சோறாகும்.

இனிப் பாட்டின் அமைப்பை நோக்குக. தலைவியும் தோழியும் எதிரெதிர் நின்று குற்றுகின்றனர். ஒருத்தி தலைவனைப் பழிக்கிறாள்: அவன் சொல் தவறியவன், அருளற்றவன் என்கிறாள். மற்றவள் மறுக்கிறாள்: அவன் மலை சிறந்தது, அவன் சொல்லும் பொய்க்காது என்கிறாள். இயற்பழித்தல், இயற்பட மொழிதல் என்று இதற்குத் துறை வகுத்துவிட்டு உரையாசிரியர் மேலே சென்றுவிடுகின்றனர். ஆனால் இந்தப் பழியும் புகழும் மாறி மாறி வருவது எதனால்? ஓர் உரலில் இரு உலக்கைகள் மாறி மாறி விழுவதால் என்பதே நம் கருத்து. ஒன்று விழப் பழி, ஒன்று விழப் புகழ். பாட்டின் யாப்பை உலக்கைகளே வகுத்தன. உழைப்பு இசையானது என்பது மெய்யானால், அது இங்கேதான் மெய்.

குறுந்தொகை 89இல் பரணர் காட்டுவது இதே உரலின் மற்றொரு புறம். குற்றும் பெண் பாடிய வள்ளையை ஊரார் பிடித்துக்கொண்டு அலர் தூற்றுகின்றனர். இப்பேதை ஊரின் பேச்சுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும் என்று கேட்கிறது பாட்டு. கொல்லிப்பாவை போன்ற இம்மெல்லியள் பாடிக்கொண்டே குற்றினாள்; அவ்வளவுதான் நடந்தது. அவள் எவ்வளவு குற்றினாள் என்று எவரும் கேட்கவில்லை. என்ன பாடினாள் என்றே எல்லாரும் கேட்டனர். வள்ளைக்கு முதன்முதல் விமரிசனம் செய்தவர்கள் அவ்வூரார்தாம். அவர்தம் வழித்தோன்றல்களாகிய நாமும் இன்றளவும் அதையே கேட்டுவருகிறோம்.

குறுந்தொகை 238இல் தொண்டி நகர்ச் சிறுமியர் வருகின்றனர். பச்சை அவலை இடித்து முடித்த பின் உலக்கையை நெல்வயலின் வரப்பையே அணையாக்கிக் கிடத்திவிட்டு விளையாடச் செல்கின்றனர். கிடத்தினர் என்றுகூடப் புலவர் சொல்லவில்லை. குழந்தையைத் துயிற்றுவது போலத் துயிற்றினர் என்னும் பொருள்பட ஒரு சொல்லை இடுகிறார். உலக்கைக்கு ஓய்வு தந்த புலவர் அவர். உலக்கை உறங்கினால்தான் பிடித்த கைக்கும் விளையாட்டு உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.

முத்தும் பொன்னும்

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். வஞ்சிக் காண்டத்து வாழ்த்துக் காதையில், கண்ணகி தெய்வமான பின்னர், மகளிர் அம்மானை, கந்துகம், ஊசல் பாடி இறுதியில் வள்ளை பாடுகின்றனர். புகார் மகளிர் கரும்பை உலக்கையாகக் கொண்டு காஞ்சி மர நிழலில் குற்றுகின்றனர். மதுரை மகளிர்க்குப் பவழ உலக்கை. வஞ்சி மகளிர்க்குச் சந்தன உரலும் யானைக் கொம்பும். மூவேந்தர்க்கும் ஒவ்வொரு பாட்டு. இளங்கோவடிகள் மூவரையும் ஒப்பப் புகழ்ந்தார் என்பதற்கு இப்பகுதியை எடுத்துக்காட்டாத கட்டுரை குறைவு.

உரலுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் அதனினும் குறைவு. மூன்று உரல்களிலும் இருப்பது முத்து! நெல்லும் இல்லை, தினையும் இல்லை. முத்தைக் குற்றினால் சோறாகாது; முத்தும் கெடும். இளங்கோவடிகள் இதனை அறியாதவர் அல்லர். தெய்வமாகிவிட்ட ஒருத்தியின் விழாவில், அரசரை வாழ்த்தும் இடத்தில், அன்றாட உரல் பொருந்தாது என்று முத்தைப் பெய்தார். அது காப்பிய நெறி; அதில் குறைகாண நாம் முற்படவில்லை.

ஆயினும் உரலில் தானியம் மாறியதோடு பாட்டிலும் ஒன்று மாறியதைக் கவனிக்க வேண்டும். கலித்தொகையில் இருந்த எதிர்க்குரல் இங்கே இல்லை. பழிப்பவள் எவளும் இல்லை. மூன்று பாட்டும் முழுப் புகழ். மகளிர் பலர் நின்றாலும் ஒலிப்பது ஒற்றை உலக்கைதான். நெல் போயிற்று; அதனோடு வழக்காடும் உரிமையும் போயிற்று.

திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் என்னும் பகுதி உண்டு. இருபது பாடல்கள். இறைவன் நீராடுவதற்கான நறும்பொடியை இடிக்க மகளிர் ஒருவரையொருவர் அழைப்பதாக மணிவாசகர் பாடினார். சிவாலயங்களில் விழாக்காலத்தில் உரலும் உலக்கையும் வைத்துப் பொற்சுண்ணம் இடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. உலகமே உரல், மேருவே உலக்கை, மெய்ம்மையே மஞ்சள் என்று அவர் கற்பனை விரிகிறது. வீட்டு முற்றத்து வேலையொன்றை அண்ட அளவுக்கு உயர்த்தியது பெரும்பேறு. அடுக்களைக் கருவி கொண்டு இறைவனை அணுகலாம் என்று அவர் காட்டியதை நாம் வணங்குகிறோம். இருப்பினும் உரலில் நெல் இல்லை என்பதும் உண்மை. முத்து அரசனுக்காயிற்று, பொற்சுண்ணம் இறைவனுக்காயிற்று. வீட்டில் உள்ளோர் உண்ண வேண்டிய உணவு பாட்டின் உரலிலிருந்து படிப்படியாக வெளியேறிவிட்டது.

வறுமையின் உரல்

அப்படியாயின் நெல் எங்கே போயிற்று? அது பாட்டில்லாத உரலுக்குப் போயிற்று.

பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பு ஒன்று வருகிறது. எயிற்றியர் வறண்ட நிலத்தைக் கிளறி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை வாரிவருகின்றனர். விளாமரத்தில் பார்வைமான் கட்டப்பட்டிருக்கிறது. அம்மரத்தின் நிழலில், முற்றத்து நிலத்தில் தோண்டிய உரலில், அப்புல்லரிசியைப் பெய்து குறுகிய உலக்கையால் குற்றுகின்றனர். பின்னர்க் கிணற்றின் அடியில் ஊறும் சிறிதளவு உவர்நீரை முகந்து சமைக்கின்றனர். அவ்வுணவு வழிவரும் பாணர்க்கும் கிடைக்கும். இக்காட்சியில் எல்லாப் பொருளுக்கும் விவரம் உண்டு, வள்ளை இல்லை.

புறநானூறு 333இல் வரும் மனைவியின் நிலை இன்னும் கடிது. வீட்டிலிருந்த வரகும் தினையும் இரவலர் உண்டு தீர்ந்தன. அளவு குறித்துக் கடன் வாங்கித் திருப்பித் தரும் குறியெதிர்ப்பையும் கிடைக்கவில்லை. வந்தவர்க்கு இல்லை என்று சொல்ல மனமின்றி, விதைக்கென்று கதிரோடு உலர்த்திவைத்த தினையை எடுத்து உரலில் பெய்கிறாள். விதைத் தினையை உரலில் இடுவது என்பது வரும் ஆண்டின் உணவை இன்றே இடிப்பது. அந்த உலக்கை விழும்போது அவள் நெஞ்சில் என்ன இருந்ததென்று புலவர் சொல்லவில்லை. அவளும் பாடவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இக்காட்சியைப் பெரிதாக்கிக் காட்டினார். இளையான்குடி மாறநாயனார் வீட்டுக்கு மழை பெய்யும் நள்ளிரவில் அடியார் வருகிறார். வீட்டில் ஒன்றும் இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல் முளையை வாரிவந்தால் அமுதாக்கலாம் என்று வழி சொல்பவள் மனைவி. நாயனார் இருளில் சென்று நீரில் மிதந்த முளையை வாரிவருகிறார். அவள் வாயிலில் நின்று வாங்கிச் சேறு போகக் கழுவுகிறாள். விறகு இல்லை, கூரையின் மரமே விறகாகிறது. அவள் அந்நெல்லை வறுக்கிறாள், பின் குற்றி அரிசியாக்குகிறாள், சோறாக்குகிறாள், கீரையைக் கறியாக்குகிறாள். ஈரநெல்லை வறுக்காமல் குற்ற இயலாது என்பதைச் சேக்கிழார் அறிந்து எழுதுகிறார். ஒரு படியையும் அவர் விட்டுவிடவில்லை. வழியைச் சொன்னவளும் அவள், குற்றியவளும் அவள். பெயர் மட்டும் இல்லை. புராணத்தின் தலைப்பு கணவர் பெயரில் உள்ளது.

ஆக, நம் இலக்கியத்தில் இரண்டு உரல்கள் உள்ளன. ஒன்றில் முத்தும் பொன்னும் இருக்கும். அங்கே பாட்டும் இருக்கும். மற்றொன்றில் புல்லரிசியும் விதைத்தினையும் முளைநெல்லும் இருக்கும். அங்கே உலக்கையின் ஓசை மட்டும் இருக்கும். தானியமும் பாட்டும் ஒருங்கே இருந்தது குறிஞ்சியில். கலித்தொகையின் சில பாடல்களிலும், குறுந்தொகையிலும், தினை குற்றும் மகளிரின் வள்ளையைக் கேட்ட மலைபடுகடாத்திலும். நாம் மேடையேற்றுவது முத்து உரலை. நம் வீட்டில் இருந்ததோ மற்றைய உரல்.

மறைந்து நின்று கேட்டவர்கள்

கலித்தொகை 42இல் ஒரு செய்தி உண்டு. மகளிர் இருவரும் வள்ளை பாடுகையில் தலைவன் மறைந்து நின்று கேட்கிறான். கேட்டு மகிழ்ந்து வெளிப்படுகிறான். ஞாயிற்றின் முன் இருள்போலத் தலைவியின் பசலை மறைகிறது. இன்பமான முடிவு.

இதைப் படிக்கும்போதெல்லாம் கிரேக்கத்து ஹோமரின் ஒடிசி காப்பியம் நினைவுக்கு வருகிறது. அதன் இருபதாம் பகுதியில், ஒடிசியஸ் மாறுவேடத்தில் தன் வீட்டிலேயே தங்கியிருக்கிறான். அவன் மனைவியை மணக்க விரும்பி வந்தவர்கள் அவ்வீட்டில் நாள்தோறும் விருந்துண்டு களிக்கின்றனர். விடிந்தால் அப்பல்லோ தெய்வத்தின் திருவிழா, மீண்டும் பெருவிருந்து. அவர்கள் உண்ணும் மாவைத் திரிகையில் அரைப்பவர் பன்னிரண்டு பெண்கள். பதினொருவர் தம் பங்கை அரைத்து முடித்து உறங்கிவிட்டனர். எல்லாரினும் வலிமை குறைந்த ஒருத்தி மட்டும் இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறாள். மேகமில்லா வானில் இடி ஒலிக்கிறது. அவள் திரிகையை நிறுத்தி, என் முழங்கால் ஒடிய மாவரைக்க வைத்தவர்களுக்கு இதுவே கடைசி விருந்தாகட்டும் என்று வேண்டுகிறாள். ஒடிசியஸ் அதைக் கேட்கிறான். தனக்கு நற்சகுனம் என்று மகிழ்கிறான்.

இரண்டு காட்சியிலும் ஆடவன் ஒருவன் அரைப்பவளின் குரலை அவளறியாமல் கேட்கிறான். இரண்டிலும் அக்குரலைத் தனக்கு உரியதாக்கிக்கொள்கிறான். நம் தலைவனுக்கு அது காதல். கிரேக்கத் தலைவனுக்கு அது வெற்றி. ஆனால் வேறுபாடும் உண்டு. அரைப்பவளின் முழங்காலைப் பற்றி ஹோமர் சொல்லிவிட்டார். விழாவுக்கு முந்தைய இரவில் அரைக்கும் கை, அவ்விழாவையே வெறுக்கக்கூடும் என்று துணிந்து சொன்னார். நம் வள்ளையில் தலைவன்மீது பழி உண்டு; வேலையின்மீது பழி இல்லை. உலக்கை கனக்கிறது என்று சொன்ன வள்ளை எம் கண்ணில் பட்டதில்லை.

அகஸ்டஸ் காலத்துக் கிரேக்கப் புலவர் தெசலோனிக்கா நகர் அந்திபாத்தர், நீராலை வந்ததைப் பாடினார். இனித் தண்ணீர் திரிகையைச் சுற்றும். அரைக்கும் பெண்களே, கோழி கூவினாலும் உறங்குங்கள் என்பது அதன் கருத்து. ஓர் இயந்திரத்தை அது தரும் உறக்கத்துக்காகப் புகழ்ந்த பாட்டு அது. நம் கோவையில் பி. சபாபதி அவர்கள் 1955இல் உருவாக்கிய மின் மாவாட்டும் இயந்திரத்துக்கும் அத்தகைய பாட்டு உரியது. 2011இல் தமிழக அரசு கிரைண்டரையும் மிக்சியையும் விலையின்றி வழங்கத் தொடங்கியபோது அரசியல் பேச்சு மிகுதியாக எழுந்தது. அந்த வீடுகளில் எத்தனை தோள்கள் இளைப்பாறின என்பதைப் பேசியவர் சிலரே. கிரைண்டர் வந்ததால் பாட்டு அழிந்தது என்று வருந்துவோர் உளர். பாட்டு இருந்த உரலையும் இல்லாத உரலையும் அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

பாடியவள் பெயர்

ஏட்டிலக்கியம் விட்டதை வாய்மொழி இலக்கியம் காத்திருக்கலாம். நா. வானமாமலை அவர்கள் 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பு இத்துறையில் பெருஞ்செல்வம். அதில் தொழிற்பாடல்கள் உள்ளன. பல பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயரும் ஊரும் காணப்படுகின்றன. பாடியவள் பெயரைக் காண்பதுதான் அரிது.

மராட்டியத்தில் வேறொரு முயற்சி நடந்தது. திரிகை சுற்றும் பெண்கள் பாடும் 'ஓவி'ப் பாடல்களை ஹேமா ராய்ர்கரும் கி புவாத்வானும் புனேயைத் தலைமையிடமாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்று தொகுத்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் சேர்ந்தன. பாடியவளின் பெயரும் ஊரும் பாட்டோடு சேர்த்தே குறிக்கப்பட்டன. அப்பாடல்களில் பக்தியும் உண்டு. தாய்வீட்டு ஏக்கம், கணவன்மீது சினம், மகளின் திருமணக் கவலை ஆகியனவும் உண்டு. கலித்தொகையின் இரட்டை உலக்கை அங்கே தொடர்ந்து ஒலித்தது எனலாம்.

தற்காலத் தமிழில் இக்குறையை உணர்ந்து எழுதியவர் அம்பை. 1988இல் வெளிவந்த 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுதியில் அடுக்களை என்பது விழாவுக்கு அழகூட்டும் பின்னணியாக வருவதில்லை. ஒரு பெண்ணின் அறிவும் ஆயுளும் செலவாகும் இடமாக வருகிறது. 'வெளிப்பாடு' என்னும் கதையில், ஒரு பெண் நாற்பது ஆண்டுகளில் வார்த்த தோசைகள் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடப்படுகிறது. அதைப் படித்த சிலர், இது இலக்கியமா, கணக்கா என்று கேட்கலாம். அக்கணக்கே இலக்கியம் என்பது, பின்வரும் விடையைக் கேட்ட பிறகு எமக்குத் தெளிவாயிற்று.

எண்ணிக்கை

எம் அன்னையார் 1970களின் இறுதியில் மணமாகித் தில்லிக்கு வந்தவர். வரும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஓர் ஆட்டுக்கல்லும் உடன் வந்தது. இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய கல்; சாக்கில் சுற்றி இருக்கையின் அடியில் வைத்துக் கொண்டுவந்தார்களாம். இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் எங்கள் வீடு மாடியில் இருந்தது. கீழ்வீட்டாரின் உறக்கம் கெடாமலிருக்கக் கல்லின் அடியில் சாக்கை நான்காக மடித்துப் போடுவார்.

பொங்கலன்று தந்தையாரின் அலுவலகத்திலிருந்து தனியே வாழும் தமிழர் பதினைந்து இருபது பேர் உண்ண வருவர். ஊரை விட்டு வந்து ஓட்டலில் உண்பவர்கள். பொங்கலும் வடையும் சாம்பாரும் கண்டால் கண்கலங்குவர். அவ்வளவு பேருக்கும் வேண்டிய உளுந்தை அன்னையார் முதல் நாள் ஊறவைத்து விடியலுக்கு முன்பே ஆட்டுவார். தில்லியின் ஜனவரித் தண்ணீர் விரலை மரக்கச் செய்யும். குழவியைப் பற்றிய வலக்கை சுற்ற, இடக்கை மாவைத் தள்ளிவிடும். ஒரு துளி மாவைக் கிண்ணத்து நீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் மீண்டும் ஆட்ட வேண்டும். அந்த ஓசையில்தான் நாங்கள் கண்விழிப்போம். எங்களுக்கு அது விழாவின் ஓசை. விருந்தினர் உண்டு, வடை பஞ்சு போல் இருக்கிறது என்று தந்தையாரிடம் சொல்லிவிட்டுப் போவர்.

மேடையில் வள்ளை கண்ட அன்றிரவு அவரிடம் கேட்டோம்: "ஆட்டுக்கல்லில் ஆட்டும்போது ஏதாவது பாடுவீர்களா அம்மா?"

அவர் சிரித்தார். "பாட்டா? பாட்டுக்கு ஏதுப்பா மூச்சு? ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டிருப்பேன். நூறு சுத்துக்கு ஒரு கை தண்ணி. எண்ணலேன்னா ஊர் ஞாபகம் வந்துடும்."

இத்தனை ஆண்டுகளில் இதை நாம் ஒருமுறையேனும் கேட்டதில்லை. வடை எத்தனை தின்றோம் என்று எங்களுக்கு நினைவிருக்கிறது. சுற்று எத்தனை என்று அவருக்கு நினைவிருக்கிறது. எயிற்றியரும், விதைத்தினை இடித்தவளும், இளையான்குடியில் முளைநெல் குற்றியவளும் ஏன் பாடவில்லை என்று நூல்களில் தேடிக்கொண்டிருந்த எமக்கு, வீட்டிலேயே ஒரு விடை கிடைத்தது. அவர்களும் ஏதேனும் எண்ணியிருக்கக்கூடும்: விருந்தினர் எத்தனை பேர், படி எத்தனை, அடுத்த மழைக்கு நாள் எத்தனை என்று. அவ்வெண்ணிக்கை பாட்டாகாததால் ஏட்டில் ஏறவில்லை. உழைப்பை இசையாக்கிய இனம் என்று நம்மைப் புகழ்ந்துகொள்ளும்போது, இசையாகாத உழைப்பையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

நம் விழைவு

சிலம்பின் வள்ளையை மேடையில் ஆடக்கூடாது என்பது நம் கருத்தன்று. அது நம் செல்வம். சிறுமியர் அதைக் கற்கட்டும். அதனுடன் கலித்தொகையின் வள்ளையையும் ஆடட்டும். இருவர் எதிரெதிர் நின்று, ஒருத்தி பழிக்க ஒருத்தி மறுக்க, உரலில் மெய்யான நெல்லைப் பெய்து, மெய்யான உலக்கையால் பத்து முறையேனும் குற்றிப் பார்க்கட்டும். ஆடும் சிறுமியர்க்கும் பார்க்கும் நமக்கும் அப்பத்து முறை பல உரைகளினும் மிகுதியாகக் கற்பிக்கும்.

மற்றொன்று. நம் சங்க மலர்களில் நன்கொடையாளர் பட்டியலும் செயற்குழு உறுப்பினர் பட்டியலும் தவறாமல் இடம்பெறுகின்றன, அவை வேண்டியவையே. தலைநகரில் பல்லாண்டு வாழ்ந்து முதுமையெய்திய தாய்மார் நம்மிடையே பலர் உள்ளனர். தென்னாட்டிலிருந்து கல்லைச் சுமந்து வந்தவர்கள், இங்குள்ள சில்பட்டாவில் அரைக்கப் பழகியவர்கள், இரவல் கல்லில் ஆட்டியவர்கள். விழா முன்னிரவுகளில் அவர்கள் என்ன பாடினர், பாடவில்லையெனில் என்ன எண்ணினர் என்பதை இளைஞர் நால்வர் வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதினால், அடுத்த மலருக்கு அதனினும் சிறந்த கட்டுரை வேண்டியதில்லை. எழுதும்போது பெயரையும் ஊரையும் விடாமல் குறிக்க வேண்டும். இளையான்குடியில் நேர்ந்த பிழை தில்லியிலும் நேர வேண்டாம்.

எம் வீட்டு ஆட்டுக்கல் இப்போது பால்கனியில் துளசித் தொட்டிக்கு அடிமணையாக இருக்கிறது. குழவி மட்டும் சமையலறையில், கதவு காற்றில் சாத்தாதபடி முட்டுக்கொடுத்து நிற்கிறது. அன்னையார் அதனைக் கடந்து செல்லும்போது சில நாள்களில் காலால் இலேசாகத் தள்ளி நேராக்கிவிட்டுப் போகிறார்.